பெட்ரோகரிபே: எண்ணெயாக வந்த கடனும் அது மாற்றிய அரசியலும்

2005 ஜூன் 29 அன்று வெனிசுவேலாவின் துறைமுக நகரான போர்த்தோ லா குருஸில் 14 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் பெயர் பெட்ரோகரிபே. அதிபர் ஹியூகோ சாவேஸ் கரீபியத் தீவுகளுக்கு மலிவு விலையில் எண்ணெய் கொடுத்தார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. பில் சந்தை விலைக்கே போடப்பட்டது. உடனே கட்ட வேண்டிய தொகைதான் குறைந்தது. மீதி நீண்ட காலக் கடனாக மாறியது. சின்ன வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் ஆட்சிகள் ஆடியதற்கும், வாக்குகள் மாறியதற்கும், பல நூறு கோடி டாலர் கணக்கில்லாமல் போனதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

விதிகள் இப்படி இருந்தன. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 30 டாலர் என்றால் பில்லில் 25 சதவீதம் கடன். 40 டாலர் என்றால் 30 சதவீதம், 50 டாலர் என்றால் 40 சதவீதம், 100 டாலரைத் தொட்டால் 50 சதவீதம். 2008-ல் விலை எகிறியபோது இந்த மேல்தட்டை இன்னும் உயர்த்தினார்கள். கடன் போக மீதியை 90 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். விலை 40 டாலருக்குக் கீழே இருந்தால் கடனுக்கு 17 ஆண்டு, 2 சதவீத வட்டி. 40-ஐத் தாண்டினால் 25 ஆண்டு, 1 சதவீத வட்டி. இரண்டிலுமே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அசல் கட்ட வேண்டாம். அரிசி, சர்க்கரை, வாழைப்பழம், பீன்ஸ் என்று பொருளாகவும் கடனை அடைக்கலாம்.

ஒரு கப்பலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 லட்சம் பீப்பாய், விலை 60 டாலர். பில் 1 கோடியே 20 லட்சம் டாலர். இதில் 72 லட்சத்தை 90 நாளில் கட்ட வேண்டும். 48 லட்சம் கடன். முதல் இரண்டு ஆண்டுக்கு வட்டி மட்டும், ஆண்டுக்கு 48,000 டாலர். அதற்குப் பிறகு 23 ஆண்டுகளுக்கு ஆண்டுத் தவணை சுமார் 2 லட்சத்து 35 ஆயிரம் டாலர். மொத்தம் கட்டுவது 55 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நாடு வெளிச்சந்தையில் 8 சதவீத வட்டிக்குத்தான் கடன் வாங்க முடியும் என்று வைத்துக்கொண்டால், இந்த 25 ஆண்டுத் தவணைகளின் இன்றைய மதிப்பு (பின்னால் கட்டும் பணத்தை அந்த வட்டியில் தள்ளிப் பார்த்தால் வரும் தொகை) சுமார் 22 லட்சம் டாலர்தான். அதாவது 48 லட்சத்தில் 26 லட்சம் கிட்டத்தட்ட நன்கொடை. மொத்த பில்லில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் தள்ளுபடி.

இனி இந்தக் கப்பல் கரைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான விளக்கங்கள் விட்டுவிடும் இடம் இதுதான். கப்பலில் வந்த டீசலும் பெட்ரோலும் உள்நாட்டில் விற்பனையாகின்றன. வாங்குகிறவர் பெட்ரோல் பங்கில் பணத்தைக் கட்டித்தான் வாங்குகிறார். அவருக்கு 25 ஆண்டுத் தவணை கிடையாது. ஆக, அரசு நிறுவனத்தின் கையில் உள்நாட்டு நாணயத்தில் பணம் வந்து சேர்கிறது. அதில் 60 சதவீதம் டாலராக மாறி வெனிசுவேலாவுக்குப் போகிறது. 40 சதவீதம் உள்ளேயே நின்றுவிடுகிறது. வரி போட்டு வந்த பணமல்ல, நாடாளுமன்றம் ஒதுக்கிய பணமுமல்ல, சர்வதேச நிதியம் நிபந்தனை போட்டுக் கொடுத்த பணமுமல்ல. அது எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, அந்தக் கணக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதே பெட்ரோகரிபேயின் முழுக் கதையும். ஒப்பந்தம் எல்லா நாட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்; கணக்குதான் நாட்டுக்கு நாடு வேறு.

ஜமைக்கா இதற்காகச் சட்டப்படி ஒரு தனி நிதியத்தை அமைத்தது. எண்ணெய்ப் பணம் அங்கே போனது. நிதியம் அதை அரசுத் துறை நிறுவனங்களுக்கு வட்டிக்குக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வசூலித்தது. குறைகள் இல்லாமலில்லை. ஆனால் அசல் எவ்வளவு, யாரிடம் நிலுவை என்று எப்போது கேட்டாலும் பதில் சொல்ல ஒரு பேரேடு இருந்தது. பின்னால் கடனைத் திருப்பி வாங்கும் பேரம் வந்தபோது ஜமைக்காவுக்குக் கைகொடுத்தது அந்தப் பேரேடுதான்.

நிகரகுவாவில் பணம் அரசுக்கே போகவில்லை. டேனியல் ஒர்ட்டேகா 2007-ல் பதவிக்குத் திரும்பிய பின் அல்பானிசா என்ற நிறுவனம் உருவானது. வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனத்துக்கு அதில் 51 சதவீதம், நிகரகுவாவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனிக்குக்கு 49 சதவீதம். இறக்குமதி அதன் வழியாக நடந்தது. கடன் பகுதி கருணா என்ற கூட்டுறவுக் கடன் அமைப்பின் புத்தகத்தில் ஏறியது. சட்டத்தின் கண்ணில் இது தனியார் கடன் என்பதால் பட்ஜெட்டில் வராது, நாடாளுமன்றத்திலும் விவாதம் இல்லை. உச்சத்தில் ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கும் மேல் இந்த வழியில் வந்தது. சுமார் 1,000 கோடி டாலர் பொருளாதாரத்தில் அது இருபதில் ஒரு பங்கு. மின் நிலையங்கள், பெட்ரோல் விநியோகம், ஓட்டல், டி.வி. சேனல் என்று அந்தக் குழுமம் விரிந்தது. ஏழைகளுக்கு வீட்டுக் கூரைத் தகடும் பேருந்துக் கட்டண மானியமும் கிடைத்தன என்பதும் உண்மை. அவற்றை வாங்கியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கொடுத்தது அரசா, ஆளுங்கட்சியா என்ற கோடு அழிந்துபோனது. எண்ணெய் வரத்து வற்றிய பிறகு, 2018 ஏப்ரலில், ஓய்வூதியத்தைக் குறைத்துச் சமூகப் பாதுகாப்புச் சந்தாவை உயர்த்த அரசு முயன்றபோது நாடே தெருவுக்கு வந்தது. அந்தக் கொந்தளிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கையில் அந்த மெத்தை இருந்திருந்தால் அந்த வெட்டு அப்போது தேவைப்பட்டிருக்காது.

ஹைட்டிதான் மனதை உறுத்தும் கதை. ஒப்பந்தத்தில் அது 2006-ல் சேர்ந்தது. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு வெனிசுவேலா அதுவரையிலான 39.5 கோடி டாலர் கடனை ரத்து செய்தது. அந்தச் சமயத்தில் அது பெரிய மனதுதான். அதே ஆண்டு ஏப்ரலில் ஹைட்டி ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கொள்முதல் விதிகளைத் தாண்டி, டெண்டர் இல்லாமல், வேலைகளை நேரடியாகக் கொடுக்க அது வழிவிட்டது. இடிபாடுகளுக்கு நடுவே வேகம் தேவைப்பட்டது என்ற வாதத்தை யாராலும் தள்ளிவிட முடியாது. ஆனால் பெட்ரோகரிபே பணம் அடுத்து வந்த ஆட்சிகளிலும் அமைச்சரவைத் தீர்மானம் ஒவ்வொன்றாகப் போட்டே செலவழிந்தது. மொத்தம் சுமார் 200 கோடி டாலர். சாலை, அமைச்சகக் கட்டடம், விளையாட்டரங்கம், வீட்டுத் திட்டம் என்று பட்டியல் நீண்டது. பல வேலைகள் பாதியில் நின்றன. சில தொடங்கவே இல்லை.

2018 ஆகஸ்டில் ஹைட்டி இளைஞர்கள் கையில் அட்டை பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ‘பெட்ரோகரிபே பணம் எங்கே?’ அதற்கு முந்தைய மாதம் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கோபம் புரியும். மலிவுக் கடன் நின்றுபோய் வெளிச்சந்தைக்குத் திரும்பிய ஹைட்டி, எரிபொருள் மானியத்தை நிறுத்துவதாகச் சர்வதேச நிதியத்திடம் ஒப்புக்கொண்டிருந்தது. ஜூலை 6 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசில் ஆடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, விலை உயர்வு அறிவிக்கப்பட்டது: பெட்ரோலுக்கு 38 சதவீதம், டீசலுக்கு 47, மண்ணெண்ணெய்க்கு 51. பல ஏழை வீடுகளில் விளக்கெரிப்பது மண்ணெண்ணெய். ஊர் பற்றி எரிந்தது. மறுநாளே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு வாரத்தில் பிரதமர் ஜாக் கி லாஃபோந்தாங் பதவி விலகினார். 2019-லும் 2020-லும் தணிக்கை நீதிமன்றம் அடுத்தடுத்து அறிக்கைகள் வெளியிட்டது. இரண்டாவது அறிக்கை மட்டும் 600 பக்கத்துக்கு மேல். ஒரே சாலைப் பணிக்கு இரண்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் போடப்பட்டதை அது ஆவணங்களோடு காட்டியது.

ஹைட்டியின் நஷ்டம் ஊழலோடு மட்டும் முடியவில்லை. வெளியே தெரியாத இன்னொரு ஓட்டையும் இருந்தது. கடன் டாலரில், உள்ளே நின்ற பணம் உள்நாட்டு நாணயமான கூர்தில். 2010-ல் ஒரு டாலருக்குச் சுமார் 40 கூர்து. 2018-ன் நடுவில் 65-ஐ ஒட்டி வந்துவிட்டது. 2010-ல் 40 லட்சம் கூர்தை எடுத்துப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தாலும், 1 லட்சம் டாலர் மதிப்பு எட்டே ஆண்டில் 62,000 டாலராகச் சுருங்கியிருக்கும். ஒரு பைசா திருடப்படாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. டாலர் வருமானமோ டாலர் சேமிப்போ தரும் முதலீட்டில் போடாவிட்டால் 1 சதவீத வட்டி என்பது காகிதத்தில் மட்டும்தான்.

அடுத்த சிக்கல் விதியிலேயே ஒளிந்திருந்தது. விலை ஏறினால் கடன் பெருகும், இறங்கினால் சுருங்கும். எண்ணெய் வாங்கும் நாட்டுக்கு இது நியாயமான காப்பீடு மாதிரித்தான் தோன்றும். ஆனால் விலை உயர்ந்திருந்த ஆண்டுகளில் கைக்கு வந்த பணத்தை வைத்து நிரந்தரச் செலவுகளை அரசுகள் தொடங்கிவிட்டன: மின் கட்டண மானியம், சம்பளம், நலத் திட்டம். 2014-ன் நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே போனது. எண்ணெய் பில் குறைந்தது நல்லதுதான். ஆனால் 100 டாலரில் குறைந்தது பாதி கடனாக நின்றது, 30 டாலரில் கால்வாசிதான் நிற்கும். பீப்பாய்க்கு 50 டாலராவது உள்ளே தங்கிய இடத்தில் ஏழரை டாலர். எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாட்டைப்போலவே விலைச் சரிவில் தள்ளாடியது இப்படித்தான்.

இதோடு, எண்ணெய் அதிகம் எரித்தால்தான் கடனும் அதிகம் கிடைக்கும். சூரிய மின்சாரமோ புவிவெப்பமோ காற்றாலையோ போட்டு டீசலை மிச்சப்படுத்துகிற தீவு, மிச்சப்படுத்திய அளவுக்குத் தன் மலிவுக் கடனையும் இழக்கும். டீசல் ஜெனரேட்டரை விட்டு வெளியே வர வேண்டிய பத்தாண்டில் அதிலேயே கட்டிப்போட்டது இந்த அமைப்பு. என் பார்வையில் இதன் மிகப் பெரிய வடிவமைப்புப் பிழை இதுதான்.

சரக்கு தொடர்பான தலைவலிகளும் உண்டு. வெனிசுவேலாவின் எண்ணெய் பெரும்பாலும் கனமானது, கந்தகம் மிகுந்தது. ஜமைக்காவின் பெட்ரோஜாம் ஆலை நாளொன்றுக்கு 35,000 பீப்பாய் சுத்திகரிக்கும் பழைய, எளிய ஆலை. கனமான கச்சாவை நல்ல லாபத்தில் பிரிக்கும் கருவிகள் அதில் இல்லை. ஆலையை 50,000 பீப்பாய்க்கு விரிவாக்கும் திட்டத்தோடு வெனிசுவேலா 49 சதவீதப் பங்கு எடுத்தது. விரிவாக்கம் கடைசிவரை நடக்கவில்லை. 2019-ல் ஜமைக்கா தனிச் சட்டம் போட்டு அந்தப் பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் அரசுக்கும் அரசுக்கும் இடையில் என்பதால் ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அரசு இறக்குமதி அமைப்பு வேண்டியிருந்தது. சின்னத் தீவுகளில் எண்ணெயை இறக்கிவைக்கச் சேமிப்புத் தொட்டிகளே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. டிரினிடாட் கையெழுத்திடவில்லை. அண்டைத் தீவுகளுக்கு எரிபொருள் விற்று வந்தது அதன் பெட்ரோட்ரின் ஆலை. அந்தச் சந்தைக்குள் 1 சதவீத வட்டியோடு ஒரு போட்டியாளர் வந்தால் அதை எப்படி வரவேற்கும்? பார்படோஸும், கடன் குவியும் என்று சொல்லி ஒதுங்கி நின்றது.

2015-ல் நடந்த இரண்டு பேரங்கள் இந்தக் கடனின் உண்மையான விலையை வெளியே காட்டின. ஜனவரியில் டொமினிக்கன் குடியரசு 402.7 கோடி டாலர் கடனை 193.3 கோடி ரொக்கம் கொடுத்து முடித்துக்கொண்டது. டாலருக்கு 48 சென்ட். ஜூலையில் ஜமைக்கா சுமார் 325 கோடி டாலர் கடனை 150 கோடிக்குத் தீர்த்தது. டாலருக்கு 46 சென்ட். பாதிக்கு மேல் தள்ளுபடி என்று செய்திகள் வந்தன. மேலே கப்பல் கணக்கில் பார்த்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 25 ஆண்டு, 1 சதவீதக் கடனின் இன்றைய மதிப்பு 8 சதவீதத்தில் தள்ளினால் 45 சென்ட், 7 சதவீதத்தில் தள்ளினால் 50 சென்ட். ஜமைக்கா இதற்காக வெளியிட்ட பத்திரங்களின் வட்டி ஏறத்தாழ அந்தப் பக்கம்தான். மொத்தம் 200 கோடி டாலர் பத்திரம், 2028-ல் முதிர்வதற்கு 6.75 சதவீதம், 2045-க்கு 7.875 சதவீதம். பழைய கடனில் சில தவணைகள் கழிந்திருந்ததால் கணக்கு அட்சர சுத்தமாகப் பொருந்தாது. ஆனால் விஷயம் தெளிவு. வெனிசுவேலா 2015-ல் தள்ளுபடி எதையும் புதிதாகக் கொடுக்கவில்லை. நன்கொடை எண்ணெய் ஏறிய நாளிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. பத்தாண்டு கழித்து அது எண்ணாக எழுதப்பட்டது, அவ்வளவே. ஜமைக்காவுக்கோ அதில் பெரிய ஆதாயம் இருந்தது: மொத்தக் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 10 சதவீதத்துக்கும் மேல் ஒரே நாளில் குறைந்தது.

கொடுத்த நாட்டின் பக்கம் வருவோம். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் பீப்பாய் பெட்ரோகரிபேக்குப் போனது என்று வைத்தால், 100 டாலர் விலையில், பாதி கடன் என்ற விதிப்படி, தினமும் 50 லட்சம் டாலர் கைக்கு வராது. ஆண்டுக்கு 180 கோடி. இதற்குத் தனியாகக் கியூபா ஒப்பந்தம்: 2000 அக்டோபரில் நாளொன்றுக்கு 53,000 பீப்பாயில் தொடங்கிப் பின்னால் வளர்ந்தது. கியூபா அதற்கு மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் அனுப்பியது. வெனிசுவேலாவின் சேரிப் பகுதிகளில் 2003 முதல் இயங்கிய மருத்துவ மையங்கள் அவர்களால் நடந்தவை. இன்னொரு பக்கம், 2007 முதல் சீனாவிடம் வாங்கிய கடனுக்கும் எண்ணெயாகவே அடைக்க வேண்டியிருந்தது. எல்லாம் போக, ரொக்கம் தரும் வாடிக்கையாளர்கள் என்று பெரிதாக மிஞ்சியவை அமெரிக்காவும் இந்தியாவும்தான். சர்வதேசச் சந்தையில் 10 சதவீதத்துக்கு மேல் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டே அண்டை நாட்டுக்கு 1 சதவீதத்துக்குக் கொடுத்த அரசு, விலை சரிந்ததும் தன் நீண்ட காலக் கடன்களைப் பாதி விலைக்கு விற்றுக் காசாக்க வேண்டியதாயிற்று. அந்தக் காசு வந்த ஆண்டுகளில்தான் வெனிசுவேலாவின் கடைகளில் மாவுக்கும் மருந்துக்கும் வரிசை நீண்டது.

அப்படியானால் இதற்கு வெனிசுவேலா வாங்கியது என்ன? அமெரிக்க நாடுகள் அமைப்பில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. பிரேசிலுக்கும் ஒன்று, செயின்ட் கிட்ஸுக்கும் ஒன்று. அதில் 14 வாக்குகள் கரீபியச் சமூகம் என்ற கூட்டமைப்பின் நாடுகளிடம் இருந்தன. 2017 ஜூனில் மெக்சிகோவின் கான்கூன் நகரில் வெனிசுவேலா குறித்த தீர்மானம் வந்தபோது 23 வாக்கு தேவை, கிடைத்தது 20. செயின்ட் வின்சென்ட், டொமினிக்கா, செயின்ட் கிட்ஸ், நிகரகுவா, பொலிவியா எதிர்த்தன. ஹைட்டி, டொமினிக்கன் குடியரசு உட்பட எட்டு நாடுகள் விலகி நின்றன. மூன்றே வாக்கில், சாவேஸுக்குப் பின் அதிபரான நிக்கோலாஸ் மதுரோவின் அரசு தப்பியது. 2019 ஜனவரி 10 அன்று அவருடைய இரண்டாவது பதவிக் காலத்தை ஏற்க மறுக்கும் தீர்மானம் 19 வாக்கில் நிறைவேறியபோது ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசு, ஹைட்டி மூன்றும் ஆதரித்து வாக்களித்தன. முதல் இரண்டும் கடனைத் தீர்த்துக்கொண்டவை. ஹைட்டிக்கு இன்னும் கடன் நிலுவை இருந்தது, ஆனால் கப்பல் வரவில்லை. கொடுத்து முடித்த கடன் யாரையும் கட்டிப்போடுவதில்லை; அடுத்த கப்பல் வருமா என்ற எதிர்பார்ப்புதான் கட்டிப்போடுகிறது. 2009-ல் ஹோண்டுராஸில் அதிபர் மனுவேல் செலாயா கவிழ்க்கப்பட்டதும் சப்ளையை நிறுத்திச் சாவேஸ் இழுத்தது இந்த நெம்புகோலைத்தான்.

வளைகுடா நாடுகள் இதை வேறு விதமாகக் கையாண்டன. எகிப்தில் 2013-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத் மூன்றும் சேர்ந்து 1,200 கோடி டாலர் அறிவித்தன. அதில் ஒரு பகுதி எரிபொருளாகவே வந்தது. 2016 ஏப்ரலில் சவூதி அராம்கோ மாதம் 7 லட்சம் டன் பெட்ரோலியப் பொருட்களை ஐந்து ஆண்டுக்குத் தர ஒப்புக்கொண்டது. மதிப்பு 2,300 கோடி டாலர். செங்கடலில் உள்ள திரான், சனாஃபிர் தீவுகளைச் சவூதிக்குக் கொடுக்கும் ஒப்பந்தமும் அதே மாதத்தில் கையெழுத்தானது. அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் சிரியா பற்றிய ரஷ்யத் தீர்மானத்துக்கு எகிப்து வாக்களித்தது. அதே அக்டோபரில் எரிபொருள் வரத்து நின்றது. 2017 மார்ச்சில் மறுபடி தொடங்கியது; ஜூனில் தீவு ஒப்பந்தத்துக்கு எகிப்திய நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. மாதாமாதம் வரும் சரக்கு என்றால் குழாயை மாதாமாதம் திறக்கலாம், மூடலாம். வெனிசுவேலாவின் சுத்திகரிப்பு ஆலைகளும் கப்பல்களும் பழுதாகிக் கிடந்ததால், அதனிடம் திறந்துவிட ஒரு கட்டத்துக்குப் பிறகு எதுவும் இல்லை. 2019 ஜனவரியில் அமெரிக்கத் தடையும் சேர்ந்துகொண்டது.

கயானாவின் அனுபவம் இதில் தனி. அது தன் அரிசியைக் கொடுத்து எண்ணெய்க் கடனை அடைத்தது. ஆயிரக்கணக்கான நெல் விவசாயிகளுக்கு நல்ல விலை கொடுத்த சந்தை அது. இத்தனைக்கும் கயானாவின் மூன்றில் இரண்டு பங்கு நிலமான எசகிபோ தன்னுடையது என்று வெனிசுவேலா நெடுங்காலமாக உரிமை கோருகிறது. பெட்ரோகரிபே ஆண்டுகளில் அந்தக் கோரிக்கை பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடந்தது. 2015 மேயில் எசகிபோவை ஒட்டிய கடல் வரம்புத் தகராறுக்கு நடுவே, கயானாவின் கடலில் எக்ஸான் மொபில் பெரும் எண்ணெய் வளத்தைக் கண்டறிந்தது. அதே ஆண்டு அரிசி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வெனிசுவேலா மறுத்தது. அறுவடை செய்த நெல்லுக்கு வேறு சந்தை தேடி விவசாயிகள் அலைந்தார்கள். 2019 டிசம்பரில் கயானாவே எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. 2023 டிசம்பர் 3 அன்று எசகிபோவை இணைத்துக்கொள்வது பற்றி வெனிசுவேலா பொது வாக்கெடுப்பு நடத்தியபோது படைகள் எல்லையை நோக்கி நகருமோ என்ற அச்சம் எழுந்தது.

பதினொரு நாளில், டிசம்பர் 14 அன்று, இரு நாட்டு அதிபர்களும் நேரில் அமர்ந்து, ஒருவர்மீது ஒருவர் பலத்தைப் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கை வெளியிட்டார்கள். சந்திப்பு நடந்த இடம் செயின்ட் வின்சென்ட் தீவின் ஆர்கைல். கூட்டி வைத்தவர்களில் முன்னால் நின்றவர் அந்த நாட்டின் அப்போதைய பிரதமர் ரால்ஃப் கொன்சால்வெஸ். கான்கூனிலும் 2019-லும் வெனிசுவேலாவுக்குச் சாதகமாக வாக்களித்தது அவருடைய அரசு. இரு தலைவர்களும் வந்திறங்கிய ஆர்கைல் விமான நிலையம் 2017-ல் திறக்கப்பட்டது. அதைக் கட்ட உதவிய நாடுகளில் வெனிசுவேலாவும் கியூபாவும் இருந்தன.